டில்ட் ரோட்டர் விமானம்: வேகத்தின் வாக்குறுதியும் உயிர்களின் விலையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மரங்களும் மின்கம்பங்களும் சாலைகளின் குறுக்கே கிடந்ததால் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் உதவி போய்ச் சேரவில்லை.

இத்தனைக்கும் பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் விமானப்படைத் தளம் ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான அந்த விமானத் தளத்தை, 2013 மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி விமானப்படைத் தளமாகத் தொடங்கி வைத்தார். 2020 ஜனவரி 20 முதல் பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 போர் விமானங்களின் 222-ஆம் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டிருக்கிறது. ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானங்கள் அவை. ஆனால் நீண்ட ஓடுபாதை இல்லாத இடத்தில் அவற்றால் இறங்க முடியாது. வெள்ளத்தில் நிற்கும் ஓர் ஊருக்கு அந்த வேகத்தால் பயனில்லை.

ஹெலிகாப்டர் இறங்கும், பள்ளிக்கூட மைதானம் போதும். ஆனால் அது மெதுவாகப் போகும், தூரமும் குறைவு, வானிலைக்கும் அடங்கிப் போக வேண்டும். கஜா புயல் பாதிப்பைப் பார்வையிட 2018 நவம்பர் 20 அன்று ஹெலிகாப்டரில் வந்த அன்றைய முதலமைச்சர், மோசமான வானிலை காரணமாகத் திருவாரூர், நாகப்பட்டினம் பயணத்தை ரத்து செய்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது.

ஹெலிகாப்டரைப் போல நின்ற இடத்திலிருந்து எழும்பி, விமானத்தைப் போல வேகமாகப் பறந்து, மறுபடியும் ஹெலிகாப்டராக மாறி இறங்கும் ஒன்று இருந்தால்? அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டில்ட் ரோட்டர், அதாவது சாயும் விசிறி கொண்ட விமானம். அமெரிக்க ராணுவத்தின் வி-22 ஆஸ்ப்ரே அந்த வகையில் மிகவும் அறியப்பட்டது. ஆஸ்ப்ரே என்பது மீன் பிடிக்கும் ஒரு பருந்தின் ஆங்கிலப் பெயர். குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வந்து போகும் அந்தப் பறவையைத் தமிழில் விராலடிப்பான் என்கிறோம்.

இந்தியாவிடம் டில்ட் ரோட்டர் இல்லை. ஆனாலும் அதன் கதை நமக்குத் தேவைப்படுகிறது. ஒரு நல்ல எண்ணம் எப்படி இயந்திரமாகிறது, அந்த இயந்திரத்தின் குறை தெரிந்த பிறகு பொறுப்பில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் அந்தக் கதை காட்டுகிறது.

ஹெலிகாப்டர் ஏன் வேகமாகப் போக முடிவதில்லை?

ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுழலும் விசிறியில், ஒரு பக்கத்து இறக்கை முன்னோக்கிப் போகும்போது மறுபக்கத்து இறக்கை பின்னோக்கி வருகிறது. ஹெலிகாப்டர் வேகமெடுக்க வேகமெடுக்க, பின்னோக்கி வரும் இறக்கைக்குக் கிடைக்கும் காற்றின் வேகம் குறைகிறது. ஓர் எல்லைக்கு மேல் அந்தப் பக்கம் தூக்கும் சக்தியை இழந்துவிடும். அதனால்தான் பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் மணிக்கு 250 முதல் 300 கி.மீ. வேகத்தோடு நின்றுவிடுகின்றன.

டில்ட் ரோட்டர் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. அதற்கு விமானத்தைப் போல இறக்கை உண்டு. இறக்கையின் இரு முனைகளிலும் பெரிய விசிறி உண்டு. எழும்பும்போது விசிறிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். எழும்பிய பின் முன்பக்கமாகச் சாய்ந்து, சாதாரண விமானத்தின் முன்விசிறியாக மாறிவிடும். அப்போது எடையைத் தாங்குவது இறக்கை. விசிறிக்கு முன்னே இழுக்கும் வேலை மட்டும்தான். ஆஸ்ப்ரேயில் இந்த மாற்றம் 12 வினாடிகளில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு விசிறியும் 11.6 மீட்டர் குறுக்களவு உடையது. இரு முனைகளிலும் ஒவ்வோர் இன்ஜின். ஒன்று நின்றுபோனால் மற்றொன்று இரண்டு விசிறிகளையும் சுழற்றும்படி இறக்கைக்குள் ஒரு நீண்ட தண்டு ஓடுகிறது. 24 வீரர்கள் அமரலாம். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு.

இதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். கோவை அருகே சூலூரில் விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. அங்கிருந்து நாகப்பட்டினம் நேர்கோட்டில் சுமார் 290 கி.மீ. மி-17 வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டில்ட் ரோட்டருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். கடலுக்கு அப்பால் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்களான லட்சத்தீவில், விமான ஓடுபாதை உள்ள ஒரே தீவு அகத்தி. மற்ற தீவுகளில் பிரசவச் சிக்கலோ மாரடைப்போ வந்தால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டு போக வேண்டும். நானூறு கிலோமீட்டர் அளவுக்கான கடல் பயணம் அது. அங்கே பாதி நேரம் மிச்சமாவது ஓர் உயிர் மிச்சமாவதாக இருக்கலாம்.

இந்த வாக்குறுதி வெறும் காகிதத்தில் நின்றுவிடவில்லை. 2010-ல் ஹெய்ட்டி நிலநடுக்கம், 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயல், 2015-ல் நேபாள நிலநடுக்கம் ஆகியவற்றில் ஆஸ்ப்ரே விமானங்கள் நிவாரணப் பணிக்குப் போயின.

ஈரான் பாலைவனத்தில் தொடங்கிய கதை

நிவாரணத்துக்காக யாரும் இத்தனை பணம் செலவழித்து இதை உருவாக்கவில்லை. 1980 ஏப்ரல் 24 அன்று, தெஹ்ரானில் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்க அமெரிக்கா ரகசியமாகப் படை அனுப்பியது. விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய எட்டு ஹெலிகாப்டர்கள் புழுதிக் காற்றிலும் இயந்திரக் கோளாறுகளிலும் சிக்கின. தபஸ் அருகே பாலைவனத்தில் குறித்த இடத்துக்கு வந்தவற்றில் ஐந்துதான் பயன்படும் நிலையில் இருந்தன. திட்டம் கைவிடப்பட்டது. திரும்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் சரக்கு விமானம் ஒன்றின் மீது மோதி, எட்டு அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

தூரமும் வேகமும் செங்குத்தாக இறங்கும் வசதியும் ஒன்றாக வேண்டும் என்று அமெரிக்கப் படைத்துறை அதற்குப் பிறகு முடிவு செய்தது. 1981-ல் திட்டம் தொடங்கியது. பெல், போயிங் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஆஸ்ப்ரே 1989 மார்ச் 19 அன்று முதன்முதலாகப் பறந்தது. படையில் சேர்ந்து போர்க்களத்துக்குப் போனது 2007-ல்தான். அந்த இடைவெளியில் சோதனைகளில் மட்டும் 30 பேர் இறந்திருந்தார்கள்.

இறங்குவதுதான் கடினம்

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகள் கட்டிய இறக்கையோடு பறக்க முயன்றார் என்று வரலாற்றாசிரியர் அல்மக்கரி பதிவு செய்திருக்கிறார். பறந்தவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை இறங்குவதற்கு வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனிக்காமல் விட்டதே காரணம் என்பது அந்தப் பதிவு. ஆயிரம் ஆண்டு கழித்து வந்த டில்ட் ரோட்டருக்கும் இறங்கும் நேரமே பெரிய சோதனையானது.

2000 ஏப்ரல் 8 இரவு, அரிசோனா மாநிலத்தின் மரானா விமான நிலையத்தில் ஓர் ஆஸ்ப்ரே இறங்கிக்கொண்டிருந்தது. முன்னோக்கிய வேகம் குறைவாக இருக்கும்போது நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது வரம்பு. அது 2,000 அடிக்கும் கூடுதலான வேகத்தில் இறங்கியது. அப்படி இறங்கும்போது விசிறி தான் கீழே தள்ளிய காற்றுச் சுழலுக்குள்ளேயே சிக்கித் தூக்கும் சக்தியை இழக்கும். சாதாரண ஹெலிகாப்டரிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் டில்ட் ரோட்டரில் விசிறிகள் இரண்டு, அதுவும் இறக்கையின் இரு ஓரங்களில். ஒன்று மட்டும் சக்தி இழந்தால் விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்துவிடும். மரானாவில் அதுதான் நடந்தது. 19 கடற்படைத் தரைப்பிரிவு வீரர்கள் இறந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று வட கரோலினாவில் இன்னொன்று விழுந்தது. கம்பிக் கற்றை உரசி உரசி ஹைட்ராலிக் குழாய் ஒன்று கசிந்துவிட்டது. அதைச் சமாளிக்க வேண்டிய கணினி நிரலிலும் தவறு இருந்தது. விமானி வழிமுறைப்படி மீட்புப் பொத்தானை அழுத்த அழுத்த, விமானம் மேலும் தடுமாறியது. நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஒன்றரை ஆண்டுக் காலம் ஆஸ்ப்ரே பறக்கவில்லை.

ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றுபோனால், விழும் வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றும். தேர்ந்த விமானி ஓரளவு பத்திரமாக இறக்கிவிடுவார். டில்ட் ரோட்டரின் விசிறி அதன் எடையோடு ஒப்பிட்டால் சிறியது. அந்த வழி அதற்குப் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. விமானத்தைப் போல மிதந்து வந்து இறங்கலாம் என்றால், முன்னோக்கித் திரும்பிய நிலையில் பெரிய விசிறிகள் தரையில் மோதும். ஆக, இரண்டின் வசதியும் சேர்ந்த இந்த இயந்திரத்தில் இரண்டின் பாதுகாப்பு வழிகளும் குறைந்துபோகின்றன.

தெரிந்திருந்தும் பறந்த விமானம்

புதிய இயந்திரம் எதுவும் விபத்தில்லாமல் முதிர்வதில்லை என்று இதுவரை சொன்னதற்குப் பதில் சொல்லலாம். அதன் பிறகு நடந்தவற்றுக்கு அந்தப் பதில் பொருந்தாது.

2022 ஜூன் 8 அன்று கலிஃபோர்னியா பாலைவனத்தில் ஓர் ஆஸ்ப்ரே விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் ஒரு கணம் நழுவி, உடனே முரட்டுத்தனமாக மீண்டும் பிடித்ததுதான் காரணம். அந்த அதிர்ச்சி முழு இயக்க அமைப்பையும் உடைத்துவிட்டது. விமானிகள் மீதோ பராமரித்தவர்கள் மீதோ தவறில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. இந்தக் கிளட்ச் கோளாறு 2010 முதலே படைத்துறைக்குத் தெரியும். தேய்ந்த பாகத்தை 800 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதி, அந்த ஐந்து பேர் இறந்த பிறகு, 2023-ல் வந்தது.

2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாக்குஷிமா தீவுக்கு அருகே கடலில் விழுந்த ஆஸ்ப்ரேயில் எட்டுப் பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸுக்குள் ஒரு பற்சக்கரம் விரிசல் விட்டு உடைந்திருந்தது. எண்ணெயில் உலோகத் துகள் கலந்திருப்பதாகப் பறக்கும்போதே எச்சரிக்கை விளக்கு திரும்பத் திரும்ப எரிந்தது. விமானி உடனே இறங்கவில்லை. 2024 ஆகஸ்டில் வெளியான அறிக்கை அவரது முடிவைக் குறை சொன்னது. அதோடு, கியர் பாகங்கள் உடைந்தால் எவ்வளவு பெரிய ஆபத்து என்பது குறித்த தகவலை, திட்டத்தை நடத்திய அலுவலகம் விமானப் பிரிவுகளுக்குப் போதிய அளவில் சொல்லவில்லை என்பதையும் அது பதிவு செய்தது. முழு விவரம் தெரியாமல் முடிவெடுத்தவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமா என்ற கேள்வி அங்கே எழுகிறது.

2022 மார்ச் மாதம் நார்வேயில் நான்கு பேர், ஜூனில் கலிஃபோர்னியாவில் ஐந்து பேர், 2023 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் மெல்வில் தீவில் மூன்று பேர், நவம்பரில் ஜப்பானில் எட்டுப் பேர். இருபது மாதங்களில் இருபது உயிர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றல்ல. நார்வே விபத்தில் மிகத் தாழ்வாகப் பறந்தது முக்கியக் காரணம். ஆனால் தொடக்கம் முதல் கணக்கிட்டால் ஆஸ்ப்ரே விபத்துகளில் இறந்தவர்கள் 60-க்கும் மேல்.

யாக்குஷிமா விபத்துக்குப் பின் 2023 டிசம்பர் 6 முதல் 2024 மார்ச் 8 வரை எல்லா ஆஸ்ப்ரேக்களும் தரையில் நின்றன. மீண்டும் பறக்க அனுமதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அவசரத்தில் இறங்கத் தகுந்த ஓடுபாதையிலிருந்து 30 நிமிடத் தொலைவைத் தாண்டக் கூடாது. ஓடுபாதை வேண்டாம், நெடுந்தூரம் போகலாம் என்ற வாக்குறுதியோடு பிறந்த விமானம், ஓடுபாதையை விட்டு அரை மணி நேரத்துக்கு மேல் விலகாமல் பறக்க வேண்டியதாயிற்று.

பழி சுமந்த குடும்பங்கள்

இயந்திரம் விழுந்த பிறகு மனிதர்களுக்கு நேர்வதும் இந்தக் கதையில் ஒரு பகுதி. மரானாவில் 19 பேர் இறந்தபோது, விமானிகள் அவசரமாக இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்பதுபோல அறிக்கைகள் வெளியாயின. அந்தச் சுழல் ஆபத்தில் இந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதுவரை சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை. விமானிகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. இறந்த இரு விமானிகளின் மனைவியர் தங்கள் கணவர்களின் பெயர் மீதிருந்த பழியை நீக்கப் போராடினார்கள். 2016-ல்தான், பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் ராபர்ட் வொர்க், அந்த விபத்துக்கு விமானிகளை முதன்மைக் காரணமாகச் சொல்வது சரியல்ல என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். பதினாறு ஆண்டுகள். அந்த வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிடும் காலம் அது.

2001 ஜனவரியில் இன்னொன்றும் வெளிவந்தது. ஆஸ்ப்ரே பயிற்சிப் பிரிவு ஒன்றின் தளபதி, விமானங்கள் நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டப் பராமரிப்புப் பதிவேடுகளைப் பொய்யாக எழுதச் சொன்னார் என்ற குற்றச்சாட்டு அது. விசாரணையில் அவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. முந்தைய விபத்துகளுக்கும் அந்தப் பொய்க் கணக்குக்கும் தொடர்பில்லை என்றார்கள். இருந்தாலும், திட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரம் உண்மையைச் சொல்ல வேண்டிய கைகளையே எங்கே கொண்டு போகும் என்பதை அது காட்டியது.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது எதுவும் அமானிதம் என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பராமரிப்புப் பதிவேட்டில் போடும் கையெழுத்தும், ஏறி உட்காரும் 24 பேரின் உயிரும் அதில் அடங்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்ற பாடமும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. கயிறு நைந்திருப்பது தெரிந்த பிறகும் கட்டியதாகக் கணக்கெழுதுவது தவக்குல் ஆகாது.

முஸ்லிம் நாடுகளின் வானில்

ஆஸ்ப்ரே முதலில் போர்ப் பணிக்குப் போனது இராக்கின் அன்பார் மாகாணத்துக்கு, 2007 அக்டோபரில். பிறகு ஆப்கானிஸ்தான். 2010 ஏப்ரலில் அங்கே ஸாபுல் மாகாணத்தில் ஒன்று விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 2012 ஏப்ரலில் மொராக்கோவில் ராணுவப் பயிற்சியின்போது விழுந்ததில் இருவர் இறந்தார்கள்.

2017 ஜனவரி 29 அன்று யமனின் பைளா மாகாணத்தில் யக்லா கிராமத்தின் மீது நடந்த அமெரிக்கத் தாக்குதலில் குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். எட்டு வயதுச் சிறுமி நவார் அல்அவ்லக்கி அவர்களில் ஒருவர். உதவிக்கு அனுப்பப்பட்ட ஓர் ஆஸ்ப்ரே முரட்டுத்தனமாகத் தரையிறங்கிச் செயலிழந்தது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அமெரிக்காவே அதைக் குண்டு வீசி அழித்தது.

வேகமாக எங்கும் போய் இறங்க முடியும் என்ற திறன், புயலில் சிக்கிய கிராமத்துக்கும் உதவும். நள்ளிரவில் ஒரு கிராமத்தைத் தாக்கவும் உதவும். எதற்குப் பயன்படும் என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. ராணுவத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் படிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

நெல்வயலுக்கு நடுவே ஒரு தளம்

அமெரிக்காவைத் தவிர ஆஸ்ப்ரேயை வாங்கிய ஒரே நாடு ஜப்பான், 17 விமானங்கள். 2012 அக்டோபரில் அமெரிக்க ஆஸ்ப்ரேக்கள் ஒகினாவாவின் ஃபுடென்மா தளத்துக்கு வந்தபோது அங்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தத் தளத்தைச் சுற்றி வீடுகளும் பள்ளிகளும் நெருக்கமாக இருக்கின்றன.

ஜப்பான் தன் சொந்த ஆஸ்ப்ரேக்களுக்குத் தேர்ந்தெடுத்த இடம் சாகா. நம் டெல்டாவைப் போலவே வாய்க்கால்களும் நெல்வயல்களும் நிறைந்த சமவெளி அது; பக்கத்தில் அரியாக்கே வளைகுடா. அங்கே மீனவர்கள் நோரி என்ற கடற்பாசியைப் பயிரிடுகிறார்கள். 2014-ல் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து சத்தம், விபத்து, கடலில் கலக்கும் கழிவு ஆகியவை பற்றி அவர்கள் கேள்வி எழுப்பினார்கள். நிலம் மீனவர்களுடையது, அவர்களுடைய சம்மதம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 2025 ஜூலையில்தான் முதல் விமானம் அங்கே வந்து இறங்கியது. எதிர்ப்பு முழுதாக ஓயவில்லை. ஆனாலும் ஒரு நாடு தன் விவசாயிகளையும் மீனவர்களையும் பல ஆண்டுகள் உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது என்பது கவனிக்கத் தக்கது.

நம் அனுபவம் என்ன சொல்கிறது?

செங்குத்தாக இறங்கும் விமானம் இந்தியாவுக்குப் புதிதல்ல. கடற்படை 1983 முதல் 2016 வரை சீ ஹாரியர் போர் விமானங்களைப் பயன்படுத்தியது. வாங்கியதில் ஏறத்தாழ பாதியை விபத்துகளில் இழந்தோம்.

ஹெலிகாப்டர்களிலும் பாடம் இருக்கிறது. 2020-ல் தஞ்சாவூரில் 222-ஆம் படைப்பிரிவைத் தொடங்கி வைத்த முப்படைத் தளபதி பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே மி-17 ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். அந்த விபத்தில் மொத்தம் 14 பேர் உயிரிழந்தார்கள். எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசை தடுமாறியதாக விமானப்படை விசாரணை கூறியது. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட துருவ் ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டன. காரணம் தெரியும் வரை நிறுத்துவது செலவான முடிவுதான். ஆனால் சரியான முடிவு.

டில்ட் ரோட்டர் அடுத்த தலைமுறைக்கு நகர்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படை தன் பழைய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களுக்கு மாற்றாக பெல் நிறுவனத்தின் வி-280 என்ற டில்ட் ரோட்டரைத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்ப்ரேயில் இன்ஜின் முழுவதும் சாயும். இதில் இன்ஜின் அசையாமல் இருக்க, விசிறி மட்டும் சாயும். பழைய தவறிலிருந்து கற்ற மாற்றம் அது. பொதுமக்கள் பயன்பாட்டுக்காக ஏடபிள்யூ-609 என்ற சிறிய டில்ட் ரோட்டரும் இத்தாலியில் உருவாகி வருகிறது. 2015 அக்டோபரில் அதன் சோதனையிலும் இரு விமானிகள் இறந்தார்கள்.

என்றாவது ஒரு நாள் இந்தியாவும் இதை வாங்கலாம், அல்லது உருவாக்கலாம். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில.

முதலாவது, தேவை. ஓர் ஆஸ்ப்ரேயின் விலை 7 கோடி டாலருக்கும் மேல். 2008-ல் இந்தியா 80 மி-17 ஹெலிகாப்டர்களை வாங்க ஒப்பந்தம் போட்டது சுமார் 130 கோடி டாலருக்கு. ஓர் ஆஸ்ப்ரேயின் விலைக்கு நான்கு மி-17. அதிலும் மி-17-இல் 36 பேர் அமரலாம், ஆஸ்ப்ரேயில் 24 பேர்தான். லட்சத்தீவு போன்ற தொலைவுக்கு வேகம் முக்கியம். சூலூரிலிருந்து வர வேண்டிய நாகப்பட்டினத்துக்கு, பக்கத்துத் தஞ்சாவூரிலேயே புயல் காலத்தில் நாலைந்து ஹெலிகாப்டர்களை நிறுத்தி வைப்பது மலிவாகவும் பயனுள்ளதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, நிலம். ஆஸ்ப்ரேயின் எடை செங்குத்தாக எழும்பும்போது 24 டன் அளவுக்கு இருக்கலாம். அத்தனை எடையைச் சிறிய விசிறிகள் தூக்க வேண்டுமானால் காற்றை மிகுந்த வேகத்தில் கீழே தள்ள வேண்டும். 2010 மே மாதம் நியூயார்க்கில் ஒரு பூங்காவில் நடந்த காட்சியில், ஆஸ்ப்ரே கிளப்பிய காற்றில் மரக்கிளைகள் முறிந்து விழுந்து பார்வையாளர்கள் சிலர் காயமடைந்தார்கள். சம்பா நட்ட சேற்று வயலும், கீற்றுக் கொட்டகைகளும், புயலில் பாதி சாய்ந்த தென்னையும் உள்ள ஊரில் அது எங்கே இறங்கும்? கெட்டியான, திறந்த மைதானம் வேண்டும். அப்படிப்பட்ட இடங்களை முன்பே குறித்து வைக்காவிட்டால், எவ்வளவு வேகமாக வந்தும் வானத்திலேயே சுற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது, உண்மை. ஒரு பாகம் எத்தனை மணி நேரத்தில் மாற்றப்பட வேண்டும், எந்தக் கோளாறு எத்தனை முறை வந்தது, எந்த எச்சரிக்கைக்கு விமானி உடனே இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் பறக்கும் கடைசி மனிதர் வரை தெரிந்திருக்க வேண்டும். விபத்து நடந்தால் அறிக்கை வெளிவர வேண்டும். இறந்தவர் மீது பழி போட்டுக் கோப்பை மூடுவது எளிது. அவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை.

நம் வீடுகளில் விமானப் பொறியியலும் இயந்திரவியலும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வளைகுடா விமான நிலையங்களில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் சகோதரர்களும் இருக்கிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து சென்னை எம்.ஐ.டி.க்கு வந்து விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாமை அவர்களுக்கு முன்மாதிரியாகச் சொல்கிறோம். உயரே பறக்க வைத்தவர்களின் கதையோடு, 'இதில் விரிசல் இருக்கிறது, இது பறக்கக் கூடாது' என்று நேரத்தில் சொல்ல வேண்டியவர்களின் கதையையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். மேலதிகாரிக்குப் பிடிக்காவிட்டாலும், வேலைக்கே ஆபத்து வந்தாலும், அந்த ஒரு கையெழுத்தைப் போட மறுப்பவர் எத்தனை குடும்பங்களின் கண்ணீரைத் தடுக்கிறார் என்பது யாருக்கும் தெரியாமலே போகலாம். அல்லாஹ்வுக்குத் தெரியும்.